தொட்டியில் உட்கார்ந்து கேட்ட சத்தம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்த இடம் அப்படி. மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறவர் மேலே உட்கார்ந்திருப்பார். காதில் காற்று அடிக்கும். முன்னால் போகிற பஸ்ஸையும் குறுக்கே வருகிற மாட்டையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சைடு காரில் இருப்பவளுக்கு அப்படி எந்த வேலையும் கிடையாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில் கத்திக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அதை யாரும் சைடு கார் என்று சொன்னதில்லை, தொட்டி என்றுதான் பெயர். "தொட்டியில ஏறும்மா" என்பார் மாமனார். மாட்டைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

உலகச் சண்டை முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்ட வண்டி அது. மாமனாருக்கு வாழைக்காய் மண்டி. கொள்ளிடக்கரைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பதற்காக வாங்கியவர், முதுகு வலி வந்ததும் மகனுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்வார். அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. இருந்திருந்தால் அது அவர் இடுப்பில்தான் தொங்கியிருக்கும்.

என் கணவருக்கு அறுபதுகளின் நடுவில் திருவெறும்பூர்ப் பக்கம் வந்த பெரிய தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில். விடியற்கால ஷிஃப்டுக்கு டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. சைக்கிளில் போகலாம் என்றால் மண்டிக்காரர் மகன் வேர்த்து விறுவிறுத்து சைக்கிள் மிதிப்பதாவது என்று மாமனாருக்குக் கௌரவம் இடிக்கும். ஆக, அந்த வண்டி இருந்தால்தான் வேலை. இதற்கிடையில் கைலாசபுரத்தில் தொழிற்சாலை ஆட்களுக்காகக் குவார்ட்டர்ஸ் கட்டி ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் முறை வந்திருந்தது. தைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சின்ன வீடு. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. நான் அதையெல்லாம் பார்த்தேன் என்று சொல்வதை விட, படுக்கையறைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன், மறுபடி போட்டேன். அவர் சிரித்தார்.

வீட்டில் பேச்செடுத்தபோது மாமனார் கோபப்படவே இல்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "வண்டி ஓடுற வரைக்கும் அந்தப் பேச்சு எதுக்கு? வண்டி ஓடலேன்னா அப்ப பார்த்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த நாளிலிருந்து எங்கள் வாழ்க்கை ஒரு பழைய இஞ்சினின் கையில் இருந்தது.

எங்கள் அறை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் தாழ்ப்பாளின் அருமை புரியும். அதற்கு அடுத்த அறைதான் காய்களைப் பழுக்க வைக்கிற அறை. தார்களை அடுக்கி, ஒரு பானையில் வரட்டி நெருப்பைப் போட்டு, ஊதுகுழலால் ஊதிப் புகையை நிரப்பி, கதவு இடுக்குகளை ஈரச் சாணியால் மெழுகி அடைத்துவிடுவார்கள். மூட்டம் என்பார்கள். ஊதுகிற வேலை நான் வந்த பிறகு எனக்கு வந்து சேர்ந்தது. அடைத்த பிறகும் புகை எங்கள் பக்கம் கசியும். என் புடவையில், தலைமுடியில், தலையணையில் எல்லாம் அந்த வாசனைதான். எங்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சாத்தி வைத்தால் மூச்சு முட்டும். திறந்து வைத்தால் கூடத்தில் படுத்திருக்கும் மாமனார் இருமுவது காதுக்குள் இருமுவது போல இருக்கும். அவர் இருமினால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். கட்டிய கணவனோடு முழுதாக ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போகும்போதுதான் பேச வேண்டும். அதையும் இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மாம்பழச் சாலை தாண்டிக் காவேரிப் பாலத்தில் ஏறும்போது 'டிக் டிக் டிக்' என்று கேட்டது. மெல்லிய சத்தம். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. எனக்கு இஞ்சின் சத்தம் புதிதில்லை. மணப்பாறையில் என் அப்பா அரிசி மில் வைத்திருந்தார். மில்லும் வீடும் ஒரே சுவர். ஆயில் இஞ்சின் ஓடினால்தான் எனக்குத் தூக்கம் வரும், நின்றால் விழிப்பு வந்துவிடும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் அப்பா சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து போவார், நானும் பின்னாலேயே போவேன். எந்தச் சத்தம் எந்த இடத்தில் வரும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. ஒரு வீட்டுக் குழந்தைக்கு அம்மாவின் நடையும் அப்பாவின் நடையும் தெரிகிற மாதிரி அது தெரிந்துவிட்டது.

அந்த 'டிக் டிக்'கைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. 'நல்லா சத்தம் போடு, இன்னும் போடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சந்தைக்குப் போனேன். அன்றைக்குப் புளி வாங்க மறந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அது வீட்டுக்கே கேட்டுவிட்டது. மாமனார் வாசலில் வந்து நின்று, மகனை வண்டி மேல் உட்கார்ந்து இஞ்சினை ஓட விடச் சொன்னார். அவருக்கு எதையும் தட்டிப் பார்க்கிற பழக்கம். வாழைத்தாரைச் சுண்டிப் பார்த்து முற்றலா பிஞ்சா என்று சொல்வதில் திருச்சி மார்க்கெட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதே விரலால் பெட்ரோல் டாங்கைச் சுண்டினார், மட்கார்டைச் சுண்டினார், காதைக் கொடுத்தார். "எண்ணெய் கம்மி" என்று தீர்ப்புச் சொன்னார். எண்ணெய் ஊற்றினார்கள். சத்தம் போகவில்லை. "எண்ணெய் ஜாஸ்தி" என்றார். கொஞ்சம் எடுத்தார்கள். அப்புறம் எதிர் வீட்டுக்காரர் வந்து அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். தெருவே கூடி வைத்தியம் பார்த்தது. மாமியார் மட்டும் அடுக்களை வாசல்படியைத் தாண்டி வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்துப் போய் நின்றார். இஞ்சினுக்காக இவ்வளவு கவலைப்படுவாரா என்று எனக்கு ஆச்சரியம்.

பாலக்கரையில் ஒரு பாய் மெக்கானிக் இருந்தார், மாமனாருக்குப் பழக்கம். அவரிடம் கொண்டுபோனார்கள். பாய் ஓட்டிப் பார்த்தார். "டாப்பெட் லூசா இருக்கு தம்பி" என்று மூடியைத் திறந்து, வால்வைத் தள்ளுகிற அந்தச் சின்னத் துண்டைச் சரி செய்தார். ஸ்டாண்டு போட்டு ஓட விட்டுக் கேட்டால் துளிச் சத்தம் இல்லை. என் கணவர் சந்தோஷமாக ஏறி வீட்டுக்கு வந்தார். 'டிக் டிக்'கும் கூடவே வந்தது. திரும்பக் கொண்டுபோனார். ஸ்டாண்டில் நிறுத்தினால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. பாய்க்கு எரிச்சல். "சத்தமே இல்லாத வண்டிக்கு நான் என்னத்த தம்பி வைத்தியம் பண்றது? திரும்பவும் வந்தா மேல்பாகத்தைப் பிரிச்சிடலாம், அதுக்கு மேல அல்லா விட்ட வழி" என்றார்.

பிரிக்க மாமனார் தயார். என்ன செலவானாலும் பரவாயில்லை என்றார். மகனுக்கு ஒரு புதுச் செருப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவர் அவர். பிரித்துச் சரி செய்துவிட்டால் குவார்ட்டர்ஸ் பேச்சும் அதோடு போயிற்று. உண்மையில் அது என்ன சத்தம் என்று எனக்கே தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் மாமனார் மண்டியில் இருந்தார். என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். கொல்லைப்புறத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அடுப்படியிலிருந்து இரும்பு ஊதுகுழலை எடுத்து வந்தேன். பாய் நீளமான ஸ்குரூ டிரைவரை இஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாராம். என் அப்பா அதற்கு ஒரு குழாய்த் துண்டு வைத்திருந்தார். எனக்கு ஊதுகுழல் போதும்.

"ஏறி உட்காருங்க. ஓட விடுங்க."

உட்கார்ந்து ஓட விட்டார். 'டிக் டிக்.' குழலை டாப்பெட் மூடியில் வைத்தேன், அங்கே இல்லை. செயின் மூடியில் வைத்தேன், அங்கேயும் இல்லை. சத்தம் வெளியே கேட்கிறது, உள்ளே தேடினால் இல்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவர் இறங்கினார். சத்தம் நின்றது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க" என்றேன். ஏறினார். 'டிக் டிக்.'

"இறங்குங்க." நின்றது.

"என்ன விளையாட்டு இது?" என்றார் அவர். சொம்பு கையில் இருந்தது, தண்ணீர் குடித்தபாடில்லை.

மேலே ஆள் உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா என்று இஞ்சினுக்குத் தெரியாது. சீட்டுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்துச் சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கும், ஆள் உட்கார்ந்தால் அமுங்கும். குனிந்து கையை உள்ளே விட்டேன். எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு துணி முடிச்சு தட்டுப்பட்டது. ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. மஞ்சள் துணி எண்ணெயில் ஊறிக் கறுத்து, ஒரு பக்கம் இற்றுப்போய், உள்ளே இருந்த காசு பல்லை இளித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. யாராவது உட்கார்ந்தால் கீழே இறங்கி எண்ணெய் டாங்கில் மோதியிருக்கிறது. காசு முடிச்சு! கஷ்டம் வந்தால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு வேண்டிக்கொள்வார்களே, அது. எந்த ஊரிலாவது அதை மோட்டார் சைக்கிளில் கட்டுவார்களா?

அவிழ்க்கப் போனேன். "அவுக்காத!" என்று பின்னாலிருந்து ஒரு கூச்சல். மாமியார் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்ச காசு. சமயபுரத்தாளுக்கு. வேண்டுதல் தீராம அவுக்கக் கூடாதும்மா."

"என்ன வேண்டுதல் அத்தை?"

மகனைப் பார்த்தார். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டுச் சொம்போடு உள்ளே போய்விட்டார். சங்கடமான நேரத்தில் நழுவுவதில் அவர் கெட்டிக்காரர்.

"இந்த வண்டி நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார் மாமியார். "நின்னா நீங்க போயிடுவீங்க. நீங்க போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட பேசறது? அவரோடயா?"

மாமியாரும் மாமனாரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவர் சொல்வார், இவர் செய்வார். இத்தனை வருஷமாக அந்த அறைக்குப் புகை ஊதியது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

வேடிக்கையைப் பாருங்கள். வண்டி நிற்கக் கூடாது என்று கட்டிய காசுதான் வண்டி நிற்கப் போகிறது என்று ஊரைக் கூட்டியிருக்கிறது. அவருக்கு அது முதல் நாளே தெரியும். அவிழ்த்தால் சாமி குத்தம், அவிழ்க்காவிட்டால் இஞ்சினைப் பிரித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சாமி குத்தத்துக்குப் பயந்து, நல்ல டாப்பெட்டைத் திருகவிட்டு வேடிக்கை பார்த்த வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

"அவுக்கலை அத்தை. மேல இன்னொரு துணி சுத்தி இறுக்கிடறேன்" என்றேன். அவரே உள்ளே போய்ப் புதுத் துணியை மஞ்சளில் நனைத்துக் கொண்டுவந்தார். சுற்றிக் கட்டினேன். கணவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி ஓட விட்டோம். 'டிக் டிக்' போய்விட்டது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் மூஞ்சி தொங்கிவிட்டது. ஒரு நல்ல நோய் என்று நம்பிக்கொண்டிருந்தால் கடைசியில் காசு! குழலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், சும்மா, இஞ்சினின் அடிவயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன்.

அங்கே இருந்தது. 'டொக்... டொக்...' மெதுவாக, கனமாக. பக்கத்து அறையில் யாரோ சுவரைத் தட்டுகிற மாதிரி. இவ்வளவு நாள் காசின் சத்தம் அதை மூடி வைத்திருந்தது.

அந்தச் சத்தமும் எனக்குத் தெரியும். பிஸ்டனையும் கீழே சுற்றுகிற கனத்த சக்கரத்தையும் இணைக்கிற கம்பி இருக்கிறது, கனெக்டிங் ராடு. அதன் அடிமுனைப் பேரிங் தேய்ந்தால் வருகிற சத்தம். பளு ஏறினால் கூடும். அப்பாவின் மில்லில் ஒருமுறை அதைக் கவனிக்காமல் விட்டு, ராடு உடைந்து இஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து எதிர்ச் சுவரைப் பெயர்த்தது. நல்லவேளை, ஆள் யாரும் அங்கே நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளில் இஞ்சின் இருப்பது ஓட்டுகிறவரின் இரண்டு முழங்காலுக்கு நடுவில்.

நிச்சயமாகத் தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். நின்ற இடத்தில் ஓடும் இஞ்சினை வைத்துச் சொல்ல முடியாது, பாலத்து ஏற்றத்தில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் ஏறினேன். வீட்டில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. சத்தம் போய்விட்டதே! மாம்பழச் சாலை வரை ஒன்றுமில்லை. பாலத்தில் ஏறியதும் 'டொக் டொக் டொக்' என்று அடித்துக்கொண்டது. இந்தத் தடவை சந்தோஷம் வரவில்லை. மனசு இரண்டாகக் கிழிந்தது. இது நின்றால் எனக்கு ஒரு தாழ்ப்பாள் கிடைக்கும். ஆனால் எப்படி நிற்கும்? எங்கே நிற்கும்? விடியற்காலையில் அவர் தனியாகப் போகும்போதா? பின்சக்கரம் இறுகி, பின்னால் லாரி வந்தால்?

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். பாலத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தினார். கீழே காவேரியில் பாதி மணலும் பாதித் தண்ணீருமாக இருந்தது.

"அடியில ஒரு சத்தம் இருக்குங்க. டொக்குன்னு. அது பேரிங். எங்க மில்லுல—"

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தச் சத்தம். காலுக்குத் தெரியுது, மிதி மேல வைக்கிறப்ப. ஆடியிலேருந்து."

எனக்குக் காது அடைத்துப்போனது. ஆடியிலிருந்து! "தெரிஞ்சுக்கிட்டா தினம் இதுல போனீங்க? பாய்கிட்டகூட சொல்லாம?"

அவர் கைப்பிடிச் சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "அப்பாகிட்ட நான் போறேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கே தெரியும். இது ஒருநாள் நின்னுட்டா, அதுவா சொல்லிடும்னு பார்த்தேன்."

"இது சொல்றப்ப நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா இருக்கு? ஒரு இஞ்சின் செத்தாத்தான் உங்களுக்குப் பேச்சு வருமா?" பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். முழு வாக்கியமாக, இஞ்சின் சத்தம் இல்லாமல், இருமலுக்குப் பயப்படாமல் அவரோடு நான் பேசியது அன்றைக்குத்தான். பேசியது இதை.

வாய் திறந்து பதில் சொல்லக்கூடிய ஆளாக அவர் இருந்தால் நாங்கள் அந்தப் பாலத்தில் நின்றிருக்கவே மாட்டோம்.

மறுபடி அந்த இஞ்சினை உதைக்க நான் விடவில்லை. மார்க்கெட்டில் தார் ஏற்றி வரப் போய்க்கொண்டிருந்த வெறும் மாட்டு வண்டி ஒன்று வந்தது, மாமனார் மண்டிக்கு வருகிற வண்டிதான். அதன் பின்னால் கயிற்றைக் கட்டிப் பாலக்கரை வரை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இரண்டு மாடுகள், பின்னால் மோட்டார் சைக்கிள், அதன் ஓரத்தில் நான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. எனக்கும் ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து அவரும் சிரித்தார். 'இனி சொல்லிவிடுவார்' என்று அந்தச் சிரிப்பைப் பார்த்து நம்பினேன்.

பாய் இஞ்சினை இறக்கிப் பிரித்தார். சில நாள் கழித்து என் கணவர் அந்த ராடைச் சாக்குத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமனார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமியார் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். இலைக்கு எதிரே என் கணவர் துணியை விரித்து ராடை வைத்தார். கையில் எடுத்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். 'டக் டக்.' வெளியில் எடுத்தால் எவ்வளவு சின்னச் சத்தம்!

"பேரிங் போயிடுச்சுப்பா. பாய் ரெண்டு வழி சொல்றார். மெட்ராஸ்லேருந்து சாமான் வரவழைச்சு மாத்தலாம், கூடவே சிலிண்டரையும் கடைசல் பிடிக்கணும். இல்லேன்னா பார்ட்டுக்கு வித்துடலாம், ஆள் இருக்காம்."

மாமனார் இடது கையால் ராடை வாங்கி, அதையும் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். "மாத்தினா ஓடுமா, ஓடாதா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஆடியிலிருந்து அவரும், அதற்கு முன்னாலிருந்தே நானும் காத்துக்கொண்டிருந்தோம். என் கணவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஓடாது என்று பொய் சொல்ல வேண்டாம். 'ஓடும், ஆனா நாங்க போறோம்' என்று சொன்னால் போதும். சின்ன வாக்கியம்.

"ஓடும்ப்பா" என்றார்.

அதோடு நின்றுவிட்டது. 'ஆனா' வரவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "மாமா, வண்டியை வித்துட்டு நாங்க குவார்ட்டர்ஸுக்குப் போறோம். ஞாயிற்றுக்கிழமை தவறாம வந்துடறோம்" என்றேன். அந்த வீட்டில் மருமகள் ஒருத்தி மாமனாரின் சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை என்று பிறகு மாமியார் சொன்னார்.

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டையாவது நடந்திருக்கும். அவர் சோற்றைக் குழித்தார்.

"ரசம் ஊத்தும்மா" என்றார்.

ஊற்றினேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு, "பாயைச் சாமானுக்குச் சொல்லச் சொல்லு" என்று மகனிடம் சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார். மாமியார் வந்து இலையை எடுத்தார். நான் எடுக்க வேண்டிய இலை. என் முகத்தை அவர் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாமான் வந்தது. தையும் வந்து போனது. கைலாசபுரத்து வீடு ஸ்டோர்ஸிலேயே வேலை பார்த்த இன்னொருவருக்குப் போயிற்று. புதிதாகக் கல்யாணமானவராம். அந்தப் பெண் தாழ்ப்பாளைக் கவனித்திருப்பாளா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று, சீட்டைக் கழற்றியபோது எடுத்து வைத்திருந்த மஞ்சள் முடிச்சை ஒரு காகிதத்தில் மடித்து, அவிழ்க்காமல், பாய் பத்திரமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். மாமியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிய அவருக்கு முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

"குடுங்க அத்தை" என்று வாங்கினேன். மண்டிபோட்டு உட்கார்ந்து, ஸ்பிரிங்கின் உள்பக்கமாக, எதிலும் மோதாத இடமாகப் பார்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அவர் என் தலையில் கையை வைத்தார். அந்தக் கையிலும் புகை வாசனைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்பினோம். மாமனார் வாசலில் நின்று, "தொட்டியில ஏறும்மா" என்றார். ஏறினேன். மாம்பழச் சாலை தாண்டி வண்டி பாலத்தில் ஏறியது. நான் பக்கவாட்டில் சாய்ந்து, இஞ்சினுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். டாப்பெட், செயின், அடிவயிறு என்று ஒவ்வொரு இடமாகத் தேடினேன். சின்னதாக ஒரு தட்டல், ஒரு உரசல், எதுவாவது இருக்காதா என்று தேடினேன். பாய் நன்றாகத்தான் வேலை செய்திருந்தார். மிலிட்டரிக்காரன் ஓட்டிய நாளில்கூட அது அப்படி ஓடியிருக்காது. இனி இது நிற்காது என்று தெரிந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், தூசிக்கு மூடுகிற மாதிரி.

பாலத்தின் நடுவில், முன்பு நிறுத்திய அதே இடத்தில், அவர் வேகத்தைக் குறைத்து என் பக்கம் குனிந்தார்.

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லீங்க" என்றேன். "ஒண்ணும் கேக்கல."